யாருமே திட்டாத ஒரு வசதி

அந்தக் கடிதம் ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் போனுக்கு வந்தது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில், இரண்டு போன் அழைப்புகளுக்கு நடுவில் அதைப் படித்தாள். படித்து முடித்ததும் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தால் வந்த கடிதம் வராததாகிவிடுமா என்ன? ஆகாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது தடவை நிமிர்த்திப் பார்த்தாள், நாற்பது தடவை கவிழ்த்தாள்.

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் பல மாடிக் கட்டடங்களில் இரும்பு வடத்துக்கும் கப்பிக்கும் கிரீஸ் தடவுகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் வேறு ஆளாகிவிடுவார். மின்புத்தகம் படிப்பதற்கான ஒரு செயலியை ஒன்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தார். செய்து முடித்தார் என்று சொல்ல வழியில்லை, அது முடிகிற ரகம் இல்லை. ஓப்பன் சோர்ஸ் என்பார்களே, அந்த வகை. எழுதிய நிரலை ஊருக்கே திறந்து போட்டுவிடுவது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. வேவு பார்ப்பதும் கிடையாது. யார் என்ன படிக்கிறார்கள், எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று அந்தச் செயலி யாரிடமும் போட்டுக்கொடுக்காது, செய்தவரிடம்கூட. அடுத்தவர் புத்தகத்துக்குள் எட்டிப் பார்ப்பது அசிங்கம் என்பார் அவர். அவளுக்கும் அதில் பெருமைதான். ஆனால் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று யாராவது கேட்டால் இரண்டு பேரும் கையைத்தான் விரிக்க வேண்டும்.

தெரிவதெல்லாம் வருகிற கடிதங்கள்தான். எழுத்து சின்னதாக இருக்கிறது, பின்னணி கறுப்பாக இருக்கிறது, ஏன் கறுப்பாக இல்லை, நேற்று இருந்த பொத்தான் எங்கே, உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கிறதா. பதில் எழுதும் வேலையை ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் எடுத்துக்கொண்டாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து எரிந்து விழுகிறவர்களிடம் தினமும் எட்டு மணி நேரம் சிரித்த முகமாகப் பேசுகிறவளுக்கு இது என்ன பெரிய விஷயம். "நாங்கள் கவனிக்கிறோம்" என்று எழுதி, கீழே "குழுவினர்" என்று போடுவாள். குழு என்பது அவர்கள் இரண்டு பேர்தான். படிப்பவர்கள் எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

இப்படியே போயிருக்கும். போன மழைக்காலத்தில் அவர் கையை லிஃப்ட் கடித்துவிட்டது. அதற்கு முந்தின மூன்று நாளும் ஏதோ ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு மனிதர் சரியாகத் தூங்கவில்லை. லிஃப்ட் கூண்டின் மேலே ஏறி நின்றவர், ஏறியதும் போட வேண்டிய நிறுத்த சுவிட்சைப் போட மறந்தார். இருபது வருடத்தில் மறக்காத சுவிட்ச். கீழே யாரோ பொத்தானை அழுத்த, கூண்டு நகர, இடது கையில் இரண்டு விரல் கப்பிக்குள் போய் வந்தது. எட்டுத் தையல். கையோடு போயிற்று, ஆளே போயிருக்க வேண்டியது என்று அவருடைய மேற்பார்வையாளர் அவளிடம் தனியாகச் சொன்னார். அவள் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கேயே வாக்கு வாங்கினாள். கடைசியாக ஒரே ஒரு பதிப்பு, அதோடு முழுக்கு. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவரும் சரி என்றார். இனிமேல் பராமரிக்க ஆள் இல்லாமலும் செயலி ஓட வேண்டுமென்றால் பாரத்தைக் குறைக்க வேண்டும், பழைய வசதிகளில் தேவையில்லாததைக் கழித்துக்கட்ட வேண்டும் என்றார். எது தேவையில்லாதது? அதைத் தீர்மானித்தது அவள்தான். கடிதங்களைப் படித்தவள் அவள்தானே. எந்த வசதியைப் பற்றிப் பேச்சே இல்லையோ அது போகட்டும் என்று கணக்கு வைத்தாள்.

அப்படிப் போனவற்றில் ஒன்று தானோட்டம். விரல் படாமல் பக்கம் தானாக மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை வேகம் வைத்துக்கொள்ளலாம். அந்த இடம் வந்தபோது மட்டும் அவர் கொஞ்சம் தயங்கினார்.

"இத யாராவது வச்சிருப்பாங்களே."

"வச்சிருந்தா இந்த அஞ்சு வருஷத்துல ஒருத்தராவது திட்டி எழுதியிருக்க மாட்டாங்களா? ஒரு கடுதாசி கிடையாது. எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார்.

அதன் பிறகு ஆறு வாரம். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆறு வாரம் அவளுக்குக் கல்யாணமான புதிதைவிட நன்றாக இருந்தது. மனிதர் தூங்கினார். தூங்கி எழுந்து, அவள் என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்று பார்த்தார். சாயங்காலம் இரண்டு பேரும் தெருமுனை வரை நடந்து போய் ஒன்றுமே வாங்காமல் திரும்பி வந்தார்கள். ஒரு நாள் அவர் பாட்டுகூட முணுமுணுத்தார், சுருதி சேரவில்லை, போகட்டும். மடிக்கணினியை உறை போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியாகிவிட்டது. கடிதப் பெட்டியையும் மூடிவிடச் சொல்லியிருந்தார். இன்றைக்கு மூடுகிறேன், நாளைக்கு மூடுகிறேன் என்று இருந்தவளுக்குத்தான் அந்த வியாழக்கிழமை இந்தக் கடிதம் வந்து சேர்ந்தது.

எழுதியது ஒரு பெண். துணி தைக்கிற ஆலையில் வேலை. அவளுடைய தம்பிக்கு முப்பத்துநான்கு வயது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவன் முகத்துக்கு நேரே டேப்லட்டைத் தாங்கியில் மாட்டி, தானோட்டத்தை மூன்றாம் வேகத்தில் தட்டிவிட்டுப் போவாளாம். அது பாட்டுக்கு ஓடுமாம், அவன் பாட்டுக்குப் படிப்பானாம். மாதம் எட்டுப் புத்தகம். மதியம் பக்கத்து வீட்டு அம்மா வந்து சாதம் ஊட்டிவிட்டுப் போவார், ஆனால் அவருக்குத் திரையைத் தொடப் பயம், ஏதாவது உடைந்துவிடும் என்று. இப்போது ஐந்து வாரமாகப் பக்கம் நகரவில்லை. காலையில் வைத்த பக்கம் அவள் திரும்பி வரும்வரை அப்படியே நிற்கிறது. ஒன்பது மணி நேரம் ஒரே பக்கம்.

"தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருந்தாள். "எதையோ தெரியாமல் அழுத்திவிட்டேன். எல்லா இடத்திலும் தேடிவிட்டேன். எங்கே போய் எதை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். இலவசமாகக் கொடுக்கிறவர்களைத் தொந்தரவு செய்யாதே என்று தம்பி சொல்கிறான். இத்தனை வருடம் நன்றாக ஓடியதால் உங்களுக்கு எழுதவே தோன்றவில்லை. அதற்கும் சேர்த்து நன்றி."

நன்றாக ஓடியதால் எழுதவில்லை. இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை, திட்டு வாங்கிப் பழகியவள். அந்தப் பெண் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஐந்து வாரமாக, இல்லாத ஒன்றைத் தன் தப்பு என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்றைக்கு மருத்துவமனையில் அவள் செய்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. பல் பிடுங்க வந்தவரைப் பல் சுத்தம் செய்யும் நாற்காலிக்கு அனுப்பினாள். ஒரே நேரத்தை மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டு மூன்று பேரிடமும் மன்னிப்புக் கேட்டாள். டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றாள். இந்த ஒன்றுமில்லையைத்தான் அடுத்த ஒன்பது நாளும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அலமாரியிலிருந்து மடிக்கணினி கீழே இறங்கும். இறங்கினால் தானோட்டத்தோடு நிற்குமா? அதைத் தொட்டால் இதைத் தொட வேண்டும், இதைத் தொட்டால் இன்னொன்று உடையும், விடிய விடிய விளக்கு எரியும், மறுநாள் அவர் போய் லிஃப்ட் கூண்டின்மேல் ஏறி நிற்பார். பெட்டியைத் திறந்து பார்ப்பது அவள் ஒருத்திதான். இந்தக் கடிதம் வந்தது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஒரு தட்டுத் தட்டினால் இல்லாமல் போய்விடும். வெள்ளிக்கிழமை காலை அந்த அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டாள். தட்டவில்லை. இறங்கித் திரும்பி நடந்தாள்.

தானே சமாளித்துவிடலாம் என்று ஒரு அசட்டுத் தைரியம் வந்தது. வேறு செயலிகளைத் தேடினாள். ஒன்றில் பக்கம் தானாக நகர்ந்தது, ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விளம்பரம் வந்து குறுக்கே நின்றது. அதை மூட ஒரு விரல் வேண்டும். குரலால் ஓட்டுகிற இன்னொன்று அந்தப் பழைய டேப்லட்டில் ஏறவே மறுத்தது. கடைசியில், பழைய பதிப்பையே மறுபடி ஏற்றிக்கொள்ளும் வழியை வரிவரியாக எழுதி அனுப்பினாள். "நாங்கள் மிகவும் வருந்துகிறோம்" என்றும் போட்டாள். யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை.

திங்கட்கிழமை பதில் வந்தது. ஓடுகிறது, தம்பி ஒரே நாளில் முக்கால் புத்தகம் முடித்துவிட்டான், உங்கள் குழுவில் உள்ள அத்தனை பேரும் நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை இன்னொரு கடிதம். ராத்திரியோடு ராத்திரியாக டேப்லட் தானே புதுப் பதிப்பை ஏற்றிக்கொண்டுவிட்டது. அப்டேட்டை நிறுத்தலாம் என்று பார்த்தால் அந்த இடம் பூட்டியிருக்கிறது. டேப்லட்டை நன்கொடையாகக் கொடுத்த சங்கம் போட்ட பூட்டு. கடவுச்சொல் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கதை கொலைகாரன் யார் என்கிற இடத்தில் நிற்கிறது. "பரவாயில்லை, ஒரு நாள் ஓடியதே" என்று முடித்திருந்தாள்.

பரவாயில்லையாம். அவளுக்கு அந்தப் பெண்மேல் கோபம்கூட வந்தது. இப்படியா ஒரு மனுஷி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வாள்?

புதன், வியாழன், வெள்ளி. காலையில் ஏழு மணிக்குக் கிளம்பும்போது, இப்போது அந்தப் பெண் டேப்லட்டைத் தாங்கியில் மாட்டியிருப்பாள் என்று நினைப்பு. பத்து மணி நோயாளியைக் கூப்பிடும்போது, அதே பக்கம். மதியம் டப்பாவைத் திறக்கும்போது, அதே பக்கம். ஒரு தடவை சோதித்துப் பார்க்கிறேன் என்று காத்திருக்கும் அறையில் கிடந்த ஒரு பத்திரிகையை விரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு நிமிடம் தாங்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். எழுந்துபோக அவளுக்குக் கால் இருந்தது.

சனிக்கிழமை மதியம் அவர் வீட்டில் இருந்தார். மின்விசிறியைக் கழற்றிப் போட்டு இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து போனை நீட்டினாள். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு மூன்று கடிதங்களையும் படித்தார். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி துணியை எடுத்தார்.

பாய்ந்து எழுவார் என்று எதிர்பார்த்தவள் திகைத்துப்போனாள். இது எத்தனை நாள் கதை என்றுகூடக் கேட்கவில்லை. யாராவது செய்வார்கள் என்றார். நிரல் திறந்துதானே கிடக்கிறது, விவரம் தெரிந்தவன் எடுத்து ஒட்டிக்கொள்ளட்டும் என்றார். இனாமாகக் கொடுத்ததுதானே, யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லையே என்றார். எல்லாம் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வாக்கு வாங்கும்போது அவள் சொன்ன வார்த்தைகள். ஒன்றுகூட மாறாமல் இப்போது அவர் வாயிலிருந்து வந்தன.

"எடுக்கச் சொன்னது நான். நான் சொல்லித்தான அந்தத் தம்பி ஒரே பக்கத்தப் பாத்துட்டுக் கிடக்கறாரு. திரும்ப வைங்க."

"நான் தொடமாட்டேன்."

"ஏன்?"

அவர் இறக்கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "பயமா இருக்கு. குடிய விட்டவன் கையில ஒரே ஒரு கிளாசுன்னு கொடுக்கற மாதிரி இருக்கு. இந்த ஆறு வாரமா நான் அந்த அலமாரிப் பக்கம் திரும்பறதே இல்ல, நீ கவனிச்சியா? உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் கவனிக்கவில்லை. அவர் நிம்மதியாக இருக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவள் போனைத் திறந்து கடிதத்தின் தேதியைக் காட்டினாள். போன வாரம் வியாழக்கிழமை.

"ஒன்பது நாள் மறைச்சு வச்சிருந்தேன். நீங்க திரும்ப அதுக்குள்ள போயிடுவீங்கன்னு. அந்த மேல்பார்வைக்காரரு சொன்னது இன்னும் காதுல கேக்குது. உங்கள விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்? அதுக்காக ஒரு மனுஷன ஒன்பது நாளு ஒரே பக்கத்துல கட்டிப் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அவர் எண்ணெய்க் கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்தார். நீ ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டே இருந்தாயே, அது இதுதானா என்று கேட்டார். டாக்டரம்மா வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் போலிருக்கிறது, சொல்லத் தயங்குகிறாய் என்று அவர் நினைத்திருக்கிறார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர் தொடமாட்டார், அவள் தொடுவாள். மடிக்கணினியை அலமாரியிலிருந்து இறக்கித் தூசி தட்டி மேசைமேல் வைத்தாள். அவர் ஐந்தடி தள்ளிச் சுவர் ஓரமாக நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த வகை வேலையில் ஒரு நல்லது, எதை எடுத்தாலும் எடுத்ததற்குக் குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைச் சொல்லி, திரும்ப வை என்று ஒரு வரி அடித்தால் போட்டது போட்டபடி வந்து உட்கார்ந்துவிடும். அவர் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவள் ஒரு விரலால் அடித்தாள். நடுவில் அவள் ஒரு இடத்தில் தடுமாறியபோது நாற்காலியோடு எழுந்துவிட்டார். "உட்காருங்க" என்று ஒரு அதட்டல் போட்டாள். உட்கார்ந்தார். கடைசியில் வெளியிடுவதற்கான கடவுச்சொல் கேட்டது. அது அவர் மண்டைக்குள் மட்டும் இருந்த ஒன்று. அதையும் சொன்னார். அவள் அடித்தாள். நாலேகால் மணிக்குப் பதிப்பு வெளியே போயிற்று.

அதன் பிறகு அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினாள். முதல் தடவையாக "நாங்கள்" என்று எழுதவில்லை. அதை எடுக்கச் சொன்னது நான், உங்கள் முதல் கடிதத்தை வந்த அன்றே படித்தேன், என் கணவருக்காகப் பயந்துகொண்டு ஒன்பது நாள் அவரிடம் சொல்லாமல் இருந்தேன், உங்கள் தம்பியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள் என்று எழுதினாள். அனுப்பிவிட்டு, அனுப்பியதை ஏழெட்டுத் தடவை படித்தாள்.

ஞாயிறு முழுக்கப் பதில் இல்லை. அவள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து தீர்த்தாள். அடுக்கின பாத்திரத்தை எடுத்து மறுபடி அடுக்கினாள். வராது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பதில் போடுவார்கள் என்றாள். அவர், அவர்கள் முகத்துக்கு என்ன வந்தது, முகம் நமக்குத்தானே இல்லை என்றார். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம், இரண்டு பேரும் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது போன் மணியடித்தது. அக்காவின் முகவரிதான், ஆனால் உள்ளே தம்பி சொல்லச் சொல்ல அக்கா அடித்தது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. அவள் நடையிலேயே நின்று சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"நன்றி சொல்வதெல்லாம் அக்காவின் வேலை. நான் சொல்ல வந்தது வேறு. மூன்றாம் வேகம் முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது. நீங்கள் இல்லையென்று சொல்வீர்கள், எனக்குத் தெரியும், நான் வருடக்கணக்காக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரி செய்யுங்கள். அடுத்தது, கொலைகாரன் சமையல்காரன்தான் என்று அந்தப் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன், யோசிக்க அவ்வளவு நேரம் கொடுத்தீர்கள். உங்கள் கடிதத்தை அக்கா படித்துக் காட்டினாள். கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. உங்கள் கணவர் கை எப்படி இருக்கிறது?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அவள் மேலே படித்தாள்.

"கடைசியாக ஒன்று. இனிமேல் எதையாவது எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுங்கள். என்னால் ஓடி வந்து தடுக்க முடியாது."

தடுக்க என்ற சொல்லில் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. மீதியை நான் படிக்கிறேன் கொடு என்று அவர் போனை வாங்கிக்கொண்டார். மீதி என்று அதில் ஒன்றும் இல்லை.